எஸ்.ஆருக்கு நேரம் ஒதுக்குங்கள்: பராமரிப்புத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஆலைகளில் பராமரிப்புத் துறையை நடத்துகிறவர்களுக்கும், ஷட்டவுன் அட்டவணை போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருச்சியில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். சிமென்ட் ஆலை, சர்க்கரை ஆலை, மின் நிலையம், ரசாயன ஆலை என்று பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் எங்கே நடக்கிறதோ அங்கேதான் என் வேலை. உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். விரிசல் விட்ட இரும்பை வெட்டியெடுத்து மறுபடி வெல்டு அடிக்கும்போது, அந்த இடத்துக்குள் தங்கிவிடும் இழுவையைச் சமாளிப்பதும் வேலையின் பகுதிதான் என்று எண்ணுங்கள். அந்த இழுவையைச் சூடேற்றித் தளர்த்துவதற்குத்தான் ஸ்ட்ரெஸ் ரிலீவிங், சுருக்கமாக எஸ்.ஆர். என்று பெயர். அதற்கு நேரமும் பணமும் ஒதுக்குங்கள். இன்று பெரும்பாலான ஷட்டவுன் பட்டியல்களில் ‘கிராக் ரிப்பேர்’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. கௌஜிங் (விரிசலைத் தோண்டியெடுப்பது), கிரைண்டிங், வெல்டிங், டிபி டெஸ்ட் (சாயம் பூசி விரிசல் தேடுவது) எல்லாம் அந்த வரிக்குள் அடங்கிவிடும். ஒழுங்காகச் சூடேற்றுவது, சூட்டை நிறுத்தி வைப்பது, மெல்ல ஆறவிடுவது, இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்து பார்ப்பது, இவை மட்டும் அதில் இருக்காது.

இந்த இழுவையைப் பாடப்புத்தகம் எச்சத் தகைவு என்கிறது, நாம் ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்கிறோம். கல்லூரியில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் அது எவ்வளவு பெரியது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் குறைவு. சின்னக் கணக்குதான், போட்டுவிடலாம். 1 மீட்டர் நீளமுள்ள சாதா ஸ்டீல் தகட்டை 100 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும், ஆறும்போது அதே அளவு சுருங்கும். சுருங்கவிடாமல் இரண்டு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டால், ஒவ்வொரு டிகிரி ஆறும்போதும் உள்ளே சுமார் 2.4 மெகாபாஸ்கல் இழுவை ஏறும். நாம் அன்றாடம் வாங்கும் ஐ.எஸ். 2062 இ250 தகட்டின் ஈல்டு, அதாவது திரும்பாமல் நீண்டுவிடத் தொடங்கும் அளவு, 250 மெகாபாஸ்கல். அதாவது சூடு 100 டிகிரிக்குச் சற்று மேல் இறங்கினாலே போதும், வெளியிலிருந்து யாரும் ஒரு கிலோ எடையும் ஏற்றாமலே அந்த ஸ்டீல் தன் ஈல்டைத் தொட்டுவிடும். வெல்டு உலோகமோ 1500 டிகிரியில் உருகி விழுந்து, அங்கிருந்து அறைச் சூட்டுக்கு வருகிறது. அதனால்தான், அளந்து பார்த்த ஆதாரம் கையில் இல்லையென்றால், எஸ்.ஆர். செய்யாத வெல்டில் ஈல்டு அளவுக்கு இழுவை இருக்கிறது என்றே விரிசல் மதிப்பீட்டு விதிமுறைகள் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இரும்புப் பட்டாவைச் சுட்டு விரியவைத்து, மரச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கும் பட்டா ஆரக்கால்களை எல்லாம் உள்ளே தள்ளி இறுக்கிவிடும். சக்கரம் சும்மா நின்றாலும் அந்தப் பட்டாவுக்குள் இழுவை இருந்துகொண்டேதான் இருக்கும். அங்கே அது வேண்டுமென்று வைத்தது. பழுது வெல்டில் அது கேட்காமலே வந்து தங்குகிறது.

சரி, புது வெல்டிலும் இதுதானே நடக்கிறது, பழுது வெல்டில் மட்டும் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். பிடிமானம்தான் விசேஷம். புதிதாக இரண்டு தகடுகளைச் சேர்க்கும்போது, ஆரம்பப் பாஸ்களில் (வெல்டின் முதல் அடுக்குகளில்) தகடு கொஞ்சம் நகர இடம் இருக்கும். இடைவெளி சுருங்கும், தகடு லேசாக மடங்கும், அந்த அசைவில் இழுவையின் ஒரு பங்கு கழிந்துவிடும். பழுது பார்க்கும்போது நாம் தோண்டுவது ஒரு குழி. நாலு பக்கமும், பெரும்பாலும் அடியிலும், குளிர்ந்த கெட்டி இரும்பு. உள்ளே ஊற்றிய உலோகம் சுருங்கப் பார்க்கும்போது எதுவும் அதோடு சேர்ந்து நகராது.

இதில் நம் உள்ளுணர்வுக்கு நேர்மாறான ஒரு விஷயம் உண்டு. ‘சின்ன ரிப்பேர்தான் சார், ஒரு ஜாண் கூட இல்லை’ என்று சொல்வார்கள், நாமும் நிம்மதியாகிவிடுவோம். குழாய்களிலும் தகடுகளிலும் பழுது வெல்டின் நீளத்தை மாற்றி மாற்றிச் செய்த அளவீடுகளும் கணினிக் கணக்குகளும் காட்டுவது வேறு. பழுது எவ்வளவு குட்டையோ, வெல்டுக்குக் குறுக்காக நிற்கும் இழுவை அவ்வளவு அதிகம். அதுவும் அந்தக் குட்டை வெல்டின் இரண்டு முனைகளிலும், அதைத் தாண்டியும் போய் உட்காருகிறது. பழைய பழுதின் முனையில் மறுபடி விரிசல் பார்த்திருப்பீர்களே, அதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்த விரிசலையும் தோண்டி அடைத்தால் இன்னொரு குட்டைப் பழுது சேரும். ஒரே ஜாயின்டில் அடுத்தடுத்து இப்படிச் செய்துகொண்டே போகும் ஆலைகள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன.

இந்த அலட்சியத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ரோமியோவில் என்ற ஊருக்கு அருகே இருந்த யூனியன் ஆயில் சுத்திகரிப்பாலை விபத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விபத்து என்று நான் நினைக்கிறேன்.

அங்கே அமைன் அப்சார்பர் கோபுரம் ஒன்று 1970 முதல் ஓடிக்கொண்டிருந்தது. 18.8 மீட்டர் உயரம், 2.6 மீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஏ516 கிரேடு 70 தகடு. ஹைட்ரோகார்பன் வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. அந்தச் சூழலில் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து கொப்புளம் போட்டது. 1974இல், கோபுரத்தின் உடலில் கீழிருந்து இரண்டாவது வளையத்தை அப்படியே வெட்டியெடுத்து, புது வளையத்தை நின்ற இடத்திலேயே வைத்து வெல்டு அடித்தார்கள். எஸ்.ஆர். செய்யவில்லை. அந்தத் தடிப்புக்கு அன்றைய கோடு (கட்டுமான விதிமுறை) அதைக் கட்டாயமாக்கவும் இல்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள். விதியை மீறி யாரும் ஒன்றும் செய்துவிடவில்லை. விதி கேட்காததை வேலையும் கேட்காது என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பத்து வருடம் கோபுரம் ஓடியது. 1984 ஜூலை 23 மாலை, கோபுரத்தின் அடிப்பகுதியில் கிடைமட்டமாக ஒரு விரிசலிலிருந்து வாயு கசிவதை ஆபரேட்டர் ஒருவர் பார்த்தார். சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். உள்ளே வரும் வால்வை அடைக்கப் போனார். அதற்குள் விரிசல் 60 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. ஆட்களை வெளியேற்றத் தொடங்கினார்கள், ஆலையின் சொந்தத் தீயணைப்புக் குழு வந்து சேர்ந்தது, அந்த நேரத்தில் கோபுரம் சுற்றளவு முழுக்கப் பிளந்தது. வாயு மேகம் பற்றிக்கொண்டது. கோபுரத்தின் மேல்பகுதி, 14 மீட்டர் நீளத்துண்டு, சுமார் 1 கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். அணைக்க வந்த தீயணைப்பு வீரர்களும் அதில் உண்டு.

அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய அமைப்பு உடைந்த துண்டுகளை ஆராய்ந்தது. பிளவு ஓடிய வழி 1974இல் அடித்த பழுது வெல்டை ஒட்டியே இருந்தது. வெல்டு சூடு பட்டு வேகமாக ஆறிய பகுதியில் ஸ்டீல் கெட்டியாகி, ஹைட்ரஜனுக்குத் தாங்காத நுண்ணமைப்பு உருவாகியிருந்தது. விரிசல்கள் அங்கே பிறந்து, பிறகு ஹைட்ரஜன் தயவில் தகட்டின் தடிப்புக்குள் வளர்ந்திருந்தன. பிளப்பதற்கு முன்பே சுமார் 800 மில்லிமீட்டர் நீளத்துக்கு, தடிப்பில் 90 சதவிகிதத்துக்கும் மேல் ஆழமாக விரிசல் போயிருந்தது.

இப்போது ஒரு கணக்கு. கோபுரத்தின் அழுத்தம் சுமார் 1.4 மெகாபாஸ்கல். அந்த விட்டத்துக்கும் தடிப்புக்கும் சுற்றுவெல்டைக் குறுக்கே இழுக்கும் தகைவு 35 மெகாபாஸ்கல்தான் வருகிறது. அந்தத் தகட்டின் ஈல்டு குறைந்தபட்சம் 260. ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு! டிசைன் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லக்கூடிய சுமை. இவ்வளவு சின்னச் சுமையில் அந்த விரிசல்கள் பிறந்து வளர்ந்ததை, வெல்டு விட்டுச்சென்ற இழுவையைச் சேர்க்காமல் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அழுத்தமானி 35 மெகாபாஸ்கலுக்கு உரிய எண்ணைத்தான் காட்டும், விரிசலின் நுனிக்குத் தெரிவது மொத்த இழுவை. எஸ்.ஆர். செய்திருந்தால் அந்த இழுவையின் பெரும் பகுதி தளர்ந்திருக்கும், கெட்டியான பகுதியும் பதம் இறங்கியிருக்கும், வெல்டிங்கில் புகுந்த ஹைட்ரஜனும் வெளியேறியிருக்கும். ஒரே சூட்டில் மூன்று பலன். அமைன் அலகுகளில் வெல்டுகளுக்குத் தடிப்பைப் பார்க்காமல் எஸ்.ஆர். செய்யச் சொல்லும் வழிகாட்டியை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் 1990இல் வெளியிட்டது. 17 உயிர் போய் ஆறு வருடம் ஆன பிறகு.

இன்னொன்றும் சொல்கிறேன், அது கணக்குப் புத்தகத்தைப் பற்றியது. தென் கரோலினாவின் வி.சி. சம்மர் அணுமின் நிலையம் 1984இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 2000 அக்டோபரில் எரிபொருள் மாற்ற நிறுத்தியபோது, உலைக்கலத்தையும் பிரதான வெந்நீர்க் குழாயையும் சேர்க்கும் வெல்டு அருகே வெள்ளையாக போரிக் அமிலப் படிவு குவிந்து கிடந்தது. வெல்டில் தடிப்பு முழுக்க விரிசல். காரணத்தைத் தேடிப் போனவர்கள் நிலையத்தைக் கட்டியபோது எழுதிய வெல்டிங் பதிவேடுகளைப் புரட்டினார்கள். அந்த ஜாயின்டை அப்போதே தோண்டி, உள்பக்கத்திலிருந்து பழுது பார்த்திருக்கிறார்கள். கடைசியாக ஆறிய உலோகம் தண்ணீர் படும் உள்பக்கத்தில் இருந்ததால், இழுவை முழுவதும் அங்கேயே தங்கிவிட்டது. அந்த நிக்கல் கலவை உலோகம், உலையின் சூடான நீர், இந்த இழுவை, மூன்றும் பதினாறு வருடத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. பதிவேடு இருந்ததால் காரணம் புரிந்தது. நம் ஆலைகளில் எத்தனை வெல்டுகளுக்குப் பழுது வரலாறு எழுதி வைத்திருக்கிறோம்? போன ஷட்டவுனில் எந்த முனையில் எவ்வளவு ஆழம் தோண்டினோம் என்பது வேலை பார்த்த ஃபோர்மேனின் தலையில்தான் இருக்கிறது. அவர் ரிட்டையர் ஆனால் போச்சு.

பாலங்களிலும் இதே கதைதான். பிட்ஸ்பர்க் அருகே நெவில் தீவுப் பாலத்தின் பிரதான கர்டர் ஒன்று, பாலம் திறந்து அதிக காலம் ஆகாத நிலையில், 1977 ஜனவரியில் உயரம் முழுக்கப் பிளந்தது. தொடங்கிய இடம், உற்பத்தியின்போதே பழுது பார்த்திருந்த ஒரு எலக்ட்ரோஸ்லாக் வெல்டு. ஆற்றில் படகு ஓட்டிப் போனவர்தான் அதைக் கண்டார்.

இப்படிச் சொல்லும்போது, ‘எங்களிடம் ஆர்டி எடுக்கிறோம், யூடி எடுக்கிறோம், எல்லாம் கிளியர்’ என்ற பதில் வரும். ஆர்டி என்றால் ரேடியோகிராஃபி, எக்ஸ்ரே போலப் படம் எடுப்பது; யூடி என்றால் ஒலியலையால் சோதிப்பது. நானே அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ரேடியோகிராஃபிக்கு இழுவை தெரியாது. சாதாரண யூடிக்கும் தெரியாது. டிபியும் எம்பிஐயும் (காந்தப் பொடிச் சோதனை) மேற்பரப்புக்கு வந்துவிட்ட, அல்லது அதை ஒட்டியிருக்கும் விரிசலைத்தான் காட்டும். குறையே இல்லாமல், படம் கண்ணாடி மாதிரி வந்த வெல்டிலும் ஈல்டு அளவு இழுவை நிற்கலாம். அதை அளக்க வேண்டுமென்றால் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் வேண்டும், அல்லது ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிச் சின்னத் துளை போட்டு, விடுபடும் திரிபைப் படிக்க வேண்டும். இரண்டும் நம் பக்கத்திலேயே தெரிந்தவர்கள் இருக்கும் முறைகள். பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் திருச்சியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பழுதுக்கும் அளக்கச் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப வாயைப் பிளக்கும் ஒரு ஜாயின்ட் உங்கள் ஆலையில் இருந்தால், அதற்காவது ஒருமுறை அளந்து பாருங்கள்.

களத்தில் நடப்பதைப் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். ஒரு சிமென்ட் ஆலை. கில்ன் என்ற சுழல் உலையின் ஷெல்லில், அதைத் தாங்கும் டயர் என்ற இரும்பு வளையத்துக்குக் கீழே வரும் தடித்த வளையம், பக்கத்து மெல்லிய வளையத்தைச் சேரும் இடத்தில் விரிசல். தகடு 60 மில்லிமீட்டருக்கு மேல். 150 டிகிரி ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் சூடேற்றுவது) என்று புரொசீஜரில் எழுதியிருந்தது. கேஸ் பர்னரை வைத்து ஒருவர் பள்ளத்தின் வாயைச் சுற்றிக் காட்டினார், டெம்பரேச்சர் சாக்பீஸால் கோடு இழுத்தார், அது உருகியது. அப்புறம் என்ன, வெல்டிங் ராடு பிடித்தாயிற்று. தகட்டின் அந்தப் பக்கம் கை வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லை. மேல்தோல்தான் சூடாகியிருக்கிறது, ஊற்றும் சூட்டை உள்ளிருக்கும் குளிர்ந்த இரும்பு உறிஞ்சி எடுத்துவிடும் என்று சொன்னேன். காலையில் கில்ன் லைட்டப், உலையை மூட்ட வேண்டும் என்றார்கள். இரவு முழுக்க வெல்டர் பள்ளத்தை நிரப்பினார். கை அருமையான கை, பீடு ஒவ்வொன்றும் வரிசையாக இருந்தது. விடிவதற்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கிரைண்டர் எல்லாம் நின்றிருந்த நேரம் என்பதால் எல்லாருக்கும் கேட்டது. டெவலப்பர் அடித்ததும் வெல்டின் ஓரத்தை ஒட்டி நூல் பிடித்த மாதிரி சிவப்புக் கோடு எழுந்தது. திட்டு வாங்கியவர் வெல்டர். அந்த வேலைக்கு இன்னும் நான்கு மணி நேரம் தேவை என்று அட்டவணையில் யாரும் எழுதவில்லை என்பதைப் பற்றி அன்று பேச்சே வரவில்லை.

இதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன், வெல்டர்களுக்கு எழுதவில்லை. கான்ட்ராக்ட் வெல்டருக்கு ஜாயின்ட் கணக்கில், இஞ்ச்-டயா (குழாய் விட்டம்) கணக்கில் காசு. சூடேறக் காத்திருக்கும் நேரத்துக்கு அவருக்கு ஒரு பைசா கிடையாது. ராடை ஓவனில் முறைப்படி சுட்டு எடுத்து, போர்ட்டபிள் ஓவனில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கும் நேரத்துக்கும் கிடையாது. அவசரப்படுகிறவருக்குத்தான் வருமானம் என்று ஒப்பந்தத்தை எழுதிவிட்டு, பொறுமையாக வேலை செய் என்று டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சொல்வதில் நியாயம் இல்லை. ப்ரீஹீட்டுக்கும் எஸ்.ஆருக்கும் தனி ரேட் போடுங்கள். மணிக்கணக்கில் போடுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. இந்தக் குறையைப் பழுது பார்த்தே ஆக வேண்டுமா? பழைய வெல்டுக்குள் வெகுகாலமாக அசையாமல் இருக்கும் ஒரு ஸ்லாக் (கசடு) துண்டையோ சின்னத் துளையையோ புது யூடி மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது என்பதற்காகத் தோண்டி, எஸ்.ஆர். இல்லாமல் அடைத்தால், பல நேரம் இருந்ததைவிட மோசமான ஒன்றைச் செய்துவைக்கிறோம். பி.எஸ். 7910, ஏ.பி.ஐ. 579 ஆகியவை இதற்காகவே எழுதிய மதிப்பீட்டு முறைகள். மேலாக இருக்கும் விரிசலை கிரைண்டிங்கிலேயே எடுத்து, பள்ளத்தை வழவழப்பாகச் சாய்த்து, மிச்சத் தடிப்பு போதும் என்று கணக்குப் போட்டு அப்படியே விட்டுவிடுவது பல இடங்களில் ஆகச் சிறந்த பழுது. ஒரு இன்ஸ்பெக்டருக்கு இதை எழுதித் தரத் துணிவு வேண்டும், உங்களுக்கு ஏற்றுக்கொள்ளத் துணிவு வேண்டும்.

வெல்டு அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், குழியின் முனைகளைச் சரிவாக இழுத்து வெட்டச் சொல்லுங்கள், செங்குத்தாக நிறுத்த வேண்டாம். கௌஜிங்கில் கார்பன் ஏறிய தோலை வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டிங் செய்யாமல் ராடு வைக்கக் கூடாது. ப்ரீஹீட்டைத் தகட்டின் மறுபக்கத்தில் அளக்க வேண்டும். மறுபக்கம் போக முடியாவிட்டால் வாயிலிருந்து 75 மில்லிமீட்டராவது தள்ளி, பர்னரை எடுத்துச் சூடு பரவ விட்டபின் அளக்க வேண்டும்.

எஸ்.ஆர். என்றால் கார்பன் ஸ்டீலுக்கு ஏறக்குறைய 600 முதல் 650 டிகிரி, 25 மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு மணி நேரம், ஏற்றுவதும் இறக்குவதும் கட்டுப்பாட்டோடு. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கெடுவது எங்கே என்றால், சூடேற்றும் பரப்பில். வெசலின் (அழுத்தக் கலனின்) உடலில் பழுது பார்த்த இடத்தில் மட்டும் நாலு பேட் ஹீட்டரை ஒட்டி, வட்டமாக ஒரு திட்டைச் சிவக்க வைப்பார்கள். அந்தத் திட்டு விரியப் பார்க்கும், சுற்றிலும் குளிர்ந்த உடல் விடாது, ஆறும்போது இழுவை புதிதாக முளைக்கும். வெல்டு போட்ட குழியில் என்ன நடந்ததோ அதையே பெரிய அளவில் மறுபடி செய்வதுதான் இது. உருளை வெசல் என்றால் சுற்றளவு முழுக்க ஒரு பட்டையாகச் சூடேற்ற வேண்டும். பட்டைக்கு இரண்டு பக்கமும் செராமிக் வுல் போர்த்தி, சூடு சரிவாக இறங்கும்படி செய்ய வேண்டும். அதற்கு ஹீட்டர் அதிகம், கேபிள் அதிகம், மின்சாரம் அதிகம். கொட்டேஷன் கேட்கும்போதே அகலத்தையும் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் முனை) எண்ணிக்கையையும் எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் குறைந்த ரேட் கொடுத்தவர் நாலு பேடோடு வந்து நிற்பார். சூடு ஏறி இறங்கியதைக் காட்டும் சார்ட்டை ஃபைலில் குத்துவதற்கு முன் ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள். சோக்கிங் (சூட்டை நிறுத்தி வைக்கும்) நேரக் கோடு ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேராக இருந்தால் தெர்மோகப்பிள் எங்கே ஒட்டியிருந்தது என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் எஸ்.ஆர். மருந்து ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். க்வென்ச் செய்து (சட்டெனக் குளிரவைத்து) டெம்பர் செய்த (மறுபடி சுட்டுப் பதம் இறக்கிய) உயர்பலத் தகடுகளை மில் டெம்பர் செய்த சூட்டுக்கு மேல் கொண்டுபோனால் பலம் போய்விடும். 304 மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை 600 டிகிரியில் வைத்தால் அரிப்புக்கு ஆளாகும். பி91 என்ற குரோமியம் கலந்த ஸ்டீல் குழாயில் சூடு குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு, அங்கே பழுது வெல்டு தெரிந்தவர் மேற்பார்வை இல்லாமல் நடக்கவே கூடாது. எஸ்.ஆர். செய்யவே முடியாத இடங்களில் டெம்பர் பீடு முறை இருக்கிறது. முதல் அடுக்கைச் சின்ன ராடில் போட்டு, அடுத்த அடுக்கின் சூட்டால் அடியில் கெட்டியான பகுதியைப் பதம் இறக்குவது. வெப்பக் கணக்கு தப்பாமல் வர வேண்டும் என்பதால் வெல்டர் முன்கூட்டியே அதே நிலையில் மாதிரித் துண்டில் பழகியிருக்க வேண்டும். கெட்டித்தன்மையை அது நன்றாகக் குறைக்கும், ஆனால் இழுவை பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதை மறக்கக் கூடாது.

கிரேன் கர்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘இது அமுக்கத்தில் இருக்கும் ஃப்ளாஞ்ச், இங்கே கிராக் எப்படி வரும்’ என்று டிராயிங்கைக் காட்டிக் கேட்பார்கள். வெல்டு ஓரத்தில் ஏற்கெனவே ஈல்டு அளவுக்கு இழுவை நிற்கிறது. சுமை வரும்போது அது கொஞ்சம் குறைகிறது, போனதும் மறுபடி ஏறுகிறது. சுமையின் கணக்கில் அமுக்கமாக இருப்பது அந்த இடத்தில் ஏறி இறங்கும் இழுவையாகத்தான் இருக்கிறது, திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் வரும் ஃபெடீக் விரிசலுக்கு அது போதும். அதனால் ஸ்டிஃப்னர் (வலுவூட்டும் தகடு) முனையில் வரும் விரிசலை வெறுமனே அடைத்துவிட்டுப் போகாமல், வெல்டின் ஓரத்தை கிரைண்டிங் செய்து வழவழப்பாக்கச் சொல்லுங்கள். வசதி இருந்தால் ஓரத்தைப் பீனிங் செய்து (தட்டி இறுக்கி), அங்கே அமுக்கத்தை உண்டாக்குங்கள்.

பாய்லர் என்றால் இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும், சான்று பெற்ற வெல்டர் வேண்டும், கேட்க ஆள் உண்டு. கில்ன், கர்டர், ஹாப்பர், கன்வேயர் கேலரி, டேங்க், இவற்றைக் கேட்க உங்களைத் தவிர யாரும் இல்லை. அங்கே கடைசி அதிகாரம் நீங்கள்தான்.

அடுத்த ஷட்டவுன் பட்டியல் தயாராகும்போது ‘கிராக் ரிப்பேர்’ என்ற அந்த ஒற்றை வரியைப் பிரியுங்கள். பழுது தேவைதானா என்ற மதிப்பீட்டுக்கு ஒரு வரி, ப்ரீஹீட்டுக்கு மணிக்கணக்கோடு ஒரு வரி, எஸ்.ஆருக்குப் பட்டை அகலத்தோடு ஒரு வரி, ஆறி 48 மணி நேரம் ஆனபின் எம்பிஐ எடுக்க ஒரு வரி. தாமதமாக வரும் ஹைட்ரஜன் விரிசல் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும், வெல்டு ஆறிய கையோடு எடுத்த டெஸ்டில் அது மாட்டாது. பழுது பார்த்த இடத்தை டிராயிங்கில் குறித்து, தோண்டிய ஆழம், நீளம், ராடு, சூடு, தேதி எழுதி, ஆலையின் நிரந்தரப் பதிவேட்டில் சேருங்கள், கான்ட்ராக்டரின் ஃபைலில் விட்டுவிடாதீர்கள். கூடவே, சூடு வரவில்லை என்று வெல்டரோ இன்ஸ்பெக்டரோ சொன்னால் வேலை நிற்கும், யார் மீதும் கோபம் வராது என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு பக்கம் எழுதி, ஷட்டவுன் தொடங்கும் நாளில் தள அலுவலகத்தில் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
வெல்டிங் இன்ஸ்பெக்டர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி